கொடை ராத்திரியில் காலை வாரிய இரண்டு மெமரி கார்டுகள்

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா. வில்லுப்பாட்டையும், நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குப் போய்த் திரும்புவதையும் படம்பிடித்துத் தர 12,000 ரூபாய் பேச்சு, 4,000 அட்வான்ஸ். விடிந்தபோது என்னிடம் மிஞ்சியது 33 நிமிட வில்லுப்பாட்டும், ‘காலி’ என்று காட்டிய ஒரு கார்டும்தான். கேமராவில் கோளாறில்லை. கார்டு இரண்டும் அசல். அன்றைக்கு மழைகூட இல்லை. இரண்டு கார்டிலும் பிசகியது ஃபார்மேட், அதாவது கார்டுக்குள் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை மட்டும்தான். அதை எனக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் ஒரு டீ நேரத்தில் சரிசெய்திருப்பேன். நம் பக்கம் கொடை, கோயில் திருநாள், பள்ளிப் பெருநாள், கல்யாணம் என்று எடுக்கிற எல்லோருக்கும் இது வரக்கூடிய தலைவலி என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் கார்டு 64 ஜிபி மைக்ரோ எஸ்டி. அதை ஒரு மாதம் முன்னால் மைக் செட்டில் பக்திப் பாட்டு போடுவதற்காக ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டுக்கு மாற்றியிருந்தேன். ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் யுஎஸ்பி பிளேயர் போர்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 தவிர வேறெதையும் படிக்காது. பெரிய கார்டுகளில் வரும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் உள்ள கார்டைச் செருகினால் ‘நோ டிஸ்க்’ என்றோ வெறும் கோடுகளாகவோ காட்டிக்கொண்டு நிற்கும். 64 ஜிபி கார்டுக்கு விண்டோஸின் ஃபார்மேட் பெட்டியில் ஃபேட்32 என்ற தேர்வே வராது. 32 ஜிபிக்கு மேல் அது காட்டாது என்பது விண்டோஸ் பெட்டியின் கட்டுப்பாடு, ஃபேட்32 இன் கட்டுப்பாடு இல்லை. ஃபேட்32 வழக்கமாக 2 டிபி வரை போகும். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். அப்படித்தான் மாற்றினேன், மைக் செட்டும் பாடியது. அந்தக் கார்டையே கொடை அன்றைக்கு ஃபோனில் போட்டு, வில்லு மேடைக்கு எதிரே டிரைபாடில் நிறுத்தினேன். உள்ளே 50 ஜிபிக்கு மேல் காலி. ராத்திரி முழுவதற்கும் போதும் என்று கணக்குப் போட்டுவிட்டு, கேமராவோடு வேட்டைக் கூட்டத்தின் பின்னால் போய்விட்டேன்.

ஃபேட்32 இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஃபைலின் அளவை எழுதிவைக்க அதில் 32 பிட் இடம்தான் உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அத்தனை பைட் ஆனதும் கதவு மூடிவிடும், கார்டில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. புதிய கேமராக்கள் பலவும் அந்த இடத்தில் தானாக அடுத்த ஃபைலைத் தொடங்கிவிடும். என் ஃபோனில் இருந்த ஆப் தொடங்கவில்லை. ‘அளவு எல்லையை அடைந்தது’ என்று ஒரு வரி காட்டிவிட்டுப் பதிவை நிறுத்தியது. அந்த வரியைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. 11.40க்குத் தொடங்கியது 12.13க்கு நின்றுவிட்டது. புலவர் சுடலையின் பிறப்பைக்கூடப் பாடி முடித்திருக்கவில்லை.

எத்தனை நிமிடத்தில் இந்த எல்லை வரும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 34,360 என்ற எண்ணை (அந்த 4 ஜிபியை மெகாபிட்டில் சொன்னால் வருவது) உங்கள் வீடியோவின் எம்பிபிஎஸ் அளவால், அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட் எழுதுகிறது என்பதால், வகுத்தால் விநாடி கிடைக்கும். என் ஃபோன் முழு எச்டியில் 17 எம்பிபிஎஸ் எழுதுகிறது. வகுத்தால் 2,021 விநாடி, அதாவது 33 நிமிடம் 41 விநாடி. 28 எம்பிபிஎஸ் என்றால் 20 நிமிடம். 50 என்றால் பதினொன்றரை. 4கேயில் 100 எம்பிபிஎஸ் எழுதும் கேமராவுக்கு ஆறு நிமிடம்கூடக் கிடைக்காது. உங்கள் கருவி எல்லையில் நிற்குமா, தொடருமா என்பதை வீட்டுச் சுவரைப் பார்க்க வைத்து ஒருமுறை ஓடவிட்டால் தெரிந்துவிடும். தொடர்கிற கருவி என்றாலும் இரண்டு ஃபைலையும் எடிட்டிங்கில் ஒட்டிப் பார்த்து, நடுவில் பாட்டு அறுபடுகிறதா என்று காதால் கேட்டுவிடுங்கள். சிலவற்றில் ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளி விழும். பேச்சில் தெரியாது, குடத்திலும் உடுக்கிலும் தாளம் தட்டும்போது நன்றாகவே தெரியும்.

தனியாக ஆடியோ ரெக்கார்டர் வைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் ஃபைல் 4 ஜிபியைத் தொட 4 மணி 8 நிமிடம் ஆகும். 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் அதில் பாதி. இங்கே கார்டை எக்ஸ்ஃபேட் ஆக்கினாலும் முழுத் தீர்வு கிடைக்காது, ஏனென்றால் வேவ் என்ற ஃபைல் வகைக்கே அதே 32 பிட் எல்லை இருக்கிறது. அதனால்தான் பல ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலோ 4 ஜிபியிலோ தாமே துண்டாக்குகின்றன. அதைக் கோளாறு என்று நினைத்துக் கார்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி இரண்டாவது கார்டு. இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. இதுவும் 64 ஜிபி மைக்ரோ எஸ்டிதான், அடாப்டரில் போட்டுக் கேமராவில் வைத்திருந்தேன். கேமராவிலேயே ஃபார்மேட் செய்தது, ஆகவே எக்ஸ்ஃபேட். வேட்டைக்குப் புறப்பட்டது, பந்தம், மயானத்தில் நின்றது, திரும்பி வந்தது என்று ஐந்து கிளிப்பும் நன்றாகவே பதிவாகியிருந்தன. காலையில் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த நிர்வாகி அண்ணாச்சி, “மக்கா, வேட்டைக்குப் போனது முழுசும் வந்திருக்காடே? கொஞ்சம் காட்டு பாப்போம்” என்றார். கேமரா பேட்டரி தீர்ந்திருந்தது. என் ஃபோனும் அப்படியே. பக்கத்தில் நின்ற ஒரு தம்பியின் ஃபோனை வாங்கி, கார்டைக் கழற்றி அதில் போட்டேன். ‘கார்டு ஆதரிக்கப்படவில்லை, அமைக்கத் தட்டவும்’ என்றது. தட்டினேன். அடுத்து வந்த கேள்வியைத் தூக்கக் கலக்கத்தில் படிக்காமலே இன்னொரு முறை தட்டினேன். பத்து விநாடிதான், கார்டு புத்தம் புதிதாக இருந்தது. தம்பியின் மேலும் தப்பில்லை, ஃபோனின் மேலும் தப்பில்லை. தட்டியது என் விரல்.

அந்த ஃபோனுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். எக்ஸ்ஃபேட் 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. 2009இல் எஸ்டிஎக்ஸ்சி எனப்படும், 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளுக்கு அதையே தர வடிவமாக வைத்தார்கள். ஆனால் உரிமம் வாங்கினால்தான் போட முடியும் என்ற நிலை நெடுங்காலம் இருந்ததால், விலை குறைந்த ஃபோன், டிவி, கார் ஸ்டீரியோ பலவற்றில் அதைச் சேர்க்கவில்லை. 2019 ஆகஸ்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டு, ஆண்ட்ராய்டுக்கும் அடிப்படையான லினக்ஸில் சேர்க்க வழிவிட்டது. அதற்கு முந்தைய கருவிகள் நம் வீடுகளில் இன்னும் ஏராளம். இப்படிப்பட்ட கருவி, தனக்குத் தெரியாத ஃபார்மேட்டைப் பார்த்தால் ‘எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்று சொல்லாது. ‘கார்டு பழுது’ என்றோ ‘ஆதரிக்கப்படவில்லை’ என்றோ சொல்லி, ‘ஃபார்மேட் செய்யவா?’ என்றுதான் கேட்கும். ஆப்பிள் முறையிலோ லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையிலோ இருக்கும் கார்டைச் செருகினால் விண்டோஸ் கம்ப்யூட்டரும் இதையேதான் கேட்கும். இந்தக் கேள்வி எந்தத் திரையில் வந்தாலும் கார்டை வெளியே எடுத்து, அது கடைசியாக இருந்த கருவியில் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும்.

ஃபார்மேட் ஆனபிறகு செய்த அடுத்த முட்டாள்தனம், கார்டு வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அதே ஃபோனில் இரண்டு படம் எடுத்தது. விரைவு ஃபார்மேட் என்பது வீட்டை இடிப்பதில்லை, கதவில் இருக்கும் பெயர்ப்பலகைகளைக் கழற்றுவது போன்றது. வீடியோ கார்டிலேயே கிடக்கும். எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் மட்டும் போய்விடும். புதிதாக எதையும் எழுதாதவரை மீட்க வழி உண்டு. ஃபோன் புது ஃபேட்32 அட்டவணையை எழுதியது கார்டின் தொடக்கத்தில். அதன் ஃபோல்டர்களும் என் இரண்டு படங்களும் போய் உட்கார்ந்ததும் அங்கேயே. கேமராவின் முதல் கிளிப் தொடங்கிய இடமும் அதுதான்.

மீட்கும் வேலையைச் சரியான வரிசையில் சொல்கிறேன். நான் இதை மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் கார்டை எடுத்து அடாப்டரில் போட்டு, எதையும் எழுதவிடாமல் தடுக்க, பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிடுங்கள். கம்ப்யூட்டரில் செருகியதும் ‘ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்றால் ரத்து. ‘பிழை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா’ என்றாலும் ரத்து; இந்த இரண்டாவதுதான் மோசம், உடைந்த துண்டுகளைச் சரிசெய்கிறேன் என்று கார்டில் மேலும் எழுதிவிடும். பிறகு கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் ஃபைலாகக் கம்ப்யூட்டரில் பிரதி எடுங்கள். வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருளில் ‘ரீட்’ பொத்தான் இதைச் செய்யும். ‘ரைட்’ பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது, கை தவறினால் எல்லாம் போச்சு, பூட்டைத் தள்ளச் சொன்னது அதற்கும்தான். 64 ஜிபிக்கு ஹார்ட் டிஸ்கில் அதே அளவு இடம் வேண்டும். விநாடிக்கு 20 எம்பி படிக்கும் சாதாரண கார்டு ரீடரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். இனிமேல் கார்டைத் தொடாமல் இமேஜில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இமேஜின் மேல் ஃபோட்டோரெக் ஓட்டினேன். பெயரில்தான் ஃபோட்டோ, வீடியோவும் எடுக்கும், காசும் கிடையாது. அது பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகை ஃபைலின் தலைப்பகுதியிலும் இருக்கும் அடையாளத்தைத் தேடி, அங்கிருந்து வரிசையாக அள்ளிக்கொண்டு வரும். அதனால் பழைய பெயரும் தேதியும் வராது, எண்களாகத்தான் வரும். வீடியோ கார்டில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் பாதிக்கு மேல் வேறெதுவோ ஒட்டிக்கொண்டு வரும், ஓடாது. எனக்கு நான்கு கிளிப் முழுசாகக் கிடைத்தது, ஏனென்றால் அன்று மாலைதான் கேமராவில் புதிதாக ஃபார்மேட் செய்திருந்தேன். காலி கார்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தன. பழையதை அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்து அழித்து இடம் பண்ணிய கார்டாக இருந்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் கார்டைக் காப்பி எடுத்துவிட்டுக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யச் சொல்வதற்கு இது ஒரு நல்ல காரணம். முதல் கிளிப், சாமி வேட்டைக்குப் புறப்படும் ஒன்பது நிமிடம், தலைப்பகுதியே அழிந்துபோனதால் கிடைக்கவே இல்லை.

இதற்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்து மூன்று நாள் காத்திருந்து 3,500 ரூபாய் கொடுத்தேன். அவர்கள் எடுத்துத் தந்ததும் இதே நான்கு கிளிப்தான், இதே எண் பெயர்களோடு. கார்டே கம்ப்யூட்டரில் தெரியாமல் போனால், சூடாகிக்கொண்டே இருந்தால், அளவு தப்பாகக் காட்டினால் கடைக்குப் போவதில் அர்த்தம் உண்டு. கார்டு நன்றாக இருந்து ஃபார்மேட் மட்டும் ஆகிவிட்டது என்றால் முதலில் வீட்டில் முயன்று பாருங்கள். பேட்டரி நடுவில் போய் எம்பி4 ஃபைல் ஓடாமல் இருந்தால் அது வேறு நோய்: எந்தக் காட்சி எங்கே என்ற அட்டவணையைக் கேமராக்கள் பலவும் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதும். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அன்ட்ரங்க் என்ற மென்பொருள் பலமுறை சரிசெய்துவிடும்.

அப்படியானால் எந்தக் கார்டுக்கு எந்த ஃபார்மேட்? கார்டின் மேல் எஸ்டிஎச்சி என்று போட்டிருந்தால் 32 ஜிபி வரை, அதற்கு ஃபேட்32. எஸ்டிஎக்ஸ்சி என்றால் அதற்கு மேல், எக்ஸ்ஃபேட். கடையிலிருந்து வரும்போது அப்படித்தான் வரும், அதை மாற்ற உங்களிடம் வலுவான காரணம் இருக்க வேண்டும். பாட்டுப் போட 64 ஜிபியை ஃபேட்32 ஆக்கியதே நான் செய்த மூலத் தவறு. 16 ஜிபியோ 32 ஜிபியோ தனியாக ஒன்று வாங்கியிருந்தால் பிரச்சினையே எழுந்திருக்காது. மைக் செட், கார், ஆட்டோ பிளேயர் எதுவானாலும் இப்படி ஒரு சின்னக் கார்டை அதற்கென்றே விட்டுவிடுங்கள். மேக் கம்ப்யூட்டரில் பாட்டு ஏற்றுபவர்கள் கவனிக்க: ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவு ஃபைலை அது கூடவே எழுதும், பிளேயர் அதையும் பாட்டு என்று எண்ணி ஒன்று விட்டு ஒன்று ஊமையாக நிற்கும். அதே மேக்கில் கார்டை ஃபார்மேட் செய்தால் ‘ஸ்கீம்’ என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பழைய பிளேயர்கள் பலவும் கார்டையே பார்க்காது.

கேமரா, டிரோன், டேஷ்கேம், வீட்டு வாசலில் மாட்டும் வைஃபை கேமரா எல்லாவற்றுக்கும் அந்தந்தக் கருவியின் மெனுவிலேயே ஃபார்மேட். அதற்குத் தேவையான ஃபோல்டர்களையும் அதுவே போட்டுக்கொள்ளும். கம்ப்யூட்டரில்தான் செய்தாக வேண்டும் என்றால் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர் நல்லது. கார்டின் உள் அமைப்புக்குச் சரியாக எல்லைகளைப் பொருத்தி எழுதும். விண்டோஸின் இன்னொரு ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ் பக்கம் போக வேண்டாம். செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைத்து, மின்சாரம் போனால் தாங்கும் குறிப்பேடு அதில் உண்டு என்பது உண்மைதான், ஆனால் கேமராக்கள் அதைப் படிக்காது, மேக் படிக்கும், எழுதாது. அது கம்ப்யூட்டரோடு கிடக்கும் ஹார்ட் டிஸ்குக்கு.

எக்ஸ்ஃபேட்டிலும் குறை இருக்கிறது. ஃபேட்32 தன் அட்டவணையை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் வழக்கமாக ஒன்றுதான், குறிப்பேடும் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அது சீக்கிரம் குழம்பும். நம் ஊரில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப்பில் காப்பி ஓடும்போது யுபிஎஸ் இல்லையென்றால் லேப்டாப்பில் செய்யுங்கள். ‘இஜெக்ட்’ கொடுத்த பிறகே எடுங்கள்.

ஃபோனில் கார்டைப் போடும்போது ‘போர்ட்டபிள்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் கார்டை உள் நினைவகமாகச் சேர்க்கும் வசதி சில ஃபோன்களில் இருக்கிறது. சேர்த்தால் கார்டு முழுவதும் பூட்டப்பட்டு, சாவி அந்த ஃபோனுக்குள் மட்டும் இருக்கும். ஃபோன் கடலில் விழுந்தால் கார்டு கையில் இருந்தும் பயனில்லை; எந்த மென்பொருளும் அதைத் திறக்காது. குளச்சல், முட்டம் பக்கம் வள்ளத்தில் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

புதுக் கார்டு வாங்கியதும் ஃபார்மேட்டைப் பற்றி யோசிக்கும் முன்னால் அது அசல்தானா என்று பாருங்கள். 64 ஜிபி கார்டு விண்டோஸில் ஏறக்குறைய 59 ஜிபி என்று காட்டுவது ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு. ஆனால் 8 ஜிபி சில்லை வைத்து 64 என்று பொய் சொல்லும் கார்டுகள் உண்டு. எட்டைத் தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆனாலும் செய்துவிட வேண்டும். வேகத்துக்கு வி30 என்று போட்டிருப்பது விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி. 100 எம்பிபிஎஸ் வீடியோவுக்குத் தேவை பன்னிரண்டரை எம்பிதான், தாராளமாகப் போதும்.

மொத்தக் கணக்கு: பேசிய தொகையில் 5,000 குறைத்துக்கொண்டார்கள், மீட்புக் கடைக்கு 3,500, புதுக் கார்டுகளுக்கு 1,600. கையில் நின்றது 1,900, அதில் பெட்ரோலும் போகும். பதினொரு நாள் வேறு வேலை எடுக்கவில்லை. அண்ணாச்சி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “சாமி பொறப்பட்டது இல்லாம திரும்பி வந்தது மட்டும் எப்படிடே போடுறது?” என்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் வாட்ஸ்ஆப்பில் ஊர்க்காரர்களிடம் கேட்டு, ஒரு பெண் தன் ஃபோனில் எடுத்திருந்த நாற்பது விநாடியை அந்த இடத்தில் ஒட்டினேன்.

இப்போது கார்டுகளின் மேல் நெயில் பாலிஷ் பூசி வைத்திருக்கிறேன். சிவப்பு கேமராவுக்கு, பச்சை ஃபோனுக்கு, வெள்ளை மைக் செட்டுக்கு. உலோகப் பட்டைகள் இருக்கும் பக்கத்தில் படாமல், மெல்லிசாக ஒரு பொட்டு போதும். தடிமனாகப் பூசினால் கார்டு ஸ்லாட்டில் சிக்கிக்கொள்ளும். யாராவது காட்டு என்று கேட்டால், சார்ஜ் ஏறட்டும் அண்ணாச்சி, கேமராவிலேயே காட்டுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.